முப்பத்தோராம் படி

சாத்தங்குறிச்சி மதகிலிருந்து இறங்கிய தண்ணீர் வாய்க்காலில் ஓடுவதை விட்டுவிட்டு அறுபத்து மூன்று படிகளாக நின்றுகொண்ட அந்த ஆடி மாதத்தில், ஊர்க்காரர்கள் முதலில் கேட்டது எந்தப் படி யாருக்கு என்பதைத்தான்; ஏன் இப்படி நின்றது என்று கேட்டவர் ஒரே ஒருவர், அவரும் அந்த ஊர்க்காரர் இல்லை, பதில் முன்பே தெரிந்திருந்ததால் அவருடைய கேள்வியைக் கணக்கில் சேர்க்க முடியாது.

அவர் சென்னியப்பன். கோயம்புத்தூரில், தறிகளுக்கும் மதகுகளுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்துகொடுக்கும் ஒரு சின்னப் பட்டறையில் இருபத்தெட்டு வருடமாக மின்சுற்று வரைகிறவர், வயது ஐம்பத்து நான்கு. சாத்தங்குறிச்சி மதகுக்கான சுற்றை வரைந்ததும் அவர்தான். தாலுகா ஆபீஸிலிருந்து ஓர் எண் வரும், பூச்சியத்திலிருந்து அறுபத்து மூன்றுவரை ஏதாவது ஒன்று. எண்ணைச் சொன்னால் இரும்பு நகராது, ஆகவே அந்த எண்ணை அதற்குரிய மின்னழுத்தமாக மாற்றி ஆக்சுவேட்டருக்கு, அதாவது ஷட்டரைத் தூக்கி இறக்கும் மோட்டார்க் கைக்கு, கொடுக்க வேண்டும். எண் கூடினால் அழுத்தம் கூட வேண்டும், அழுத்தம் கூடினால் ஷட்டர் உயர வேண்டும், பின்னால் வருவது எதுவும் முன்னால் போனதைவிடத் தாழ்ந்துவிடக் கூடாது. இந்தத் தொழிலில் தர்மம் என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவுதான் என்று சென்னியப்பன் சொல்வதுண்டு, கேட்க யாராவது இருந்தால்.

அதற்கு அவர் போட்டது ஏணிச் சுற்று. மின்தடைகளை ஏணி மாதிரி கோத்து ஆறு கம்புகள். அடிக்கம்பு கொஞ்சம் சுமக்கும், அடுத்தது அதைப்போல் இரண்டு மடங்கு, அதற்கடுத்தது நாலு மடங்கு என்று போய், தலைக்கம்பு மட்டும் மற்ற ஐந்தும் சேர்ந்து சுமப்பதைவிட ஒரு பங்கு அதிகம் சுமக்கும். முப்பத்தொன்று என்ற எண்வரை கீழ்க்கம்புகள் ஐந்தும் சேர்ந்து பாரத்தைத் தாங்கும். முப்பத்திரண்டு வந்ததும் ஐந்தும் ஒரே நேரத்தில் கையை எடுத்துக்கொள்ள, தலைக்கம்பு தனியாளாக மொத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். ஏணி தடுமாறினால் அந்த இடத்தில்தான் தடுமாறும். அதனால் தலைக்கம்புக்கு நல்ல மின்தடை வேண்டும், நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பிசகாதது, உடம்பில் பழுப்பு வளையம் போட்டது. தங்க வளையம் போட்டது நூற்றுக்கு ஐந்து பிசகலாம். இந்தத் தொழிலில் தங்கம்தான் மட்டம்.

பழுப்பு வளையம் பட்டறையின் ஸ்டோரில் இருந்தது. ஸ்டோரில், கம்பி வலைக்குப் பின்னால், தெய்வசிகாமணி இருந்தார். அவரிடம் சீட்டு எழுதி நீட்டினால் மட்டும் போதாது, வாயால் கேட்க வேண்டும், கேட்காதவர்களின் சீட்டை அவர் தொடுவதில்லை. பட்டறை தொடங்கிய நாளிலிருந்து அதுதான் வழக்கம். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆயுத பூஜையன்று தெய்வசிகாமணி எல்லா மெஷினுக்கும் சந்தனம் வைத்துவிட்டு, ஏணிக்கும் துடைப்பத்துக்கும்கூட வைத்துவிட்டு, சென்னியப்பனின் சோதனை மேசையை விட்டுவிட்டார். மறந்தாரா, விட்டாரா என்று தெரியாது. சென்னியப்பன் எல்லார் முன்னாலும், "வலைக்குள்ள உக்காந்து எண்ணிக்கிட்டிருக்கறவனுக்கு எது முக்கியம்னு எப்படித் தெரியும்" என்று சொன்னார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. தேவையானதை எல்லாம் வேறு ஆட்களை அனுப்பிக் கேட்க வைத்துச் சென்னியப்பன் காலம் தள்ளினார். சாத்தங்குறிச்சிப் பெட்டி முடியவேண்டிய அன்று வேறு ஆள் இல்லை. மேசை இழுப்பறையில் ஒரு தங்க வளையம் கிடந்தது. மீட்டரில் வைத்து எவ்வளவு பிசகுகிறது என்றாவது பார்த்திருக்கலாம், அரை நிமிட வேலை. வலைக்குப் பின்னாலிருந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்துக்கு முன்னால் அளந்து பார்ப்பதும் ஒரு தோல்வியாகப் பட்டது அவருக்கு. தலைக்கம்பில் அதையே வைத்து ஈயம் வைத்துவிட்டார்.

ஆடி பதினெட்டு அன்று பகல் பதினொன்றரை மணிக்கு ஷட்டர் உயர்ந்தது, தண்ணீர் வந்தது, வந்து படிக்கட்டாக நின்றது. மதகை ஒட்டி அறுபத்து மூன்றாம் படி, அங்கிருந்து ஒவ்வொரு சாணாக இறங்கி ஈச்சங்காட்டு எல்லையில் முதல் படி. கால் வைத்தால் கணுக்கால்வரை நனையும், அதற்குமேல் கால் இறங்காது. மேல் படிகளின் விளிம்பிலிருந்து தண்ணீர் வழிந்து அடுத்தடுத்த படிக்குப் போனது. மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் ரங்கன் அன்றைக்கே கரைக் கற்களில் பெயின்டால் எண் போட்டார், எண் போடாமல் விட்டால் சண்டை வரும் என்று நினைத்தார், எண் போட்டதால் வந்தது. ஆடுகள் இரண்டு நாளில் ஏறப் பழகின. பெண்கள் துணி துவைக்கப் படி பிடித்தார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரைவிட ஏழு படி மேலே நின்றுதான் மாலை மாற்ற விடுவோம் என்றதில் மாலை எட்டாமல் போயிற்று. இலாகாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் படிக்கட்டு உண்டா என்று கேட்டு; இல்லை என்று ரங்கன் பதில் எழுதினார், அத்துடன் இலாகா திருப்தியடைந்தது.

பஞ்சாயத்துக் கூடிப் படிகளைப் பிரித்தது. தலைமடையான சாத்தங்குறிச்சிக்கு முப்பத்திரண்டிலிருந்து மேலே எல்லாம், கடைமடையான ஈச்சங்காட்டுக்கு முப்பத்தொன்றிலிருந்து கீழே எல்லாம். வீட்டுக்கு ஒரு படி, சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். முப்பத்திரண்டு காளியண்ணனுக்கு விழுந்தது. ஈச்சங்காட்டின் முறை வரும் நாட்களிலெல்லாம் வாய்க்காலை அடைத்துத் தன் மஞ்சள் காட்டுக்குத் திருப்பிக்கொண்டு, கேட்க வருகிறவர்களைக் கரையில் நின்றபடியே பேசி அனுப்புகிறவர் அவர். முப்பத்தொன்று மாராக்காளுக்கு விழுந்தது. ஐம்பது வயதைத் தொட்டவள், தனியாள், ஈச்சங்காட்டில் அரை ஏக்கர். அப்படிக் கேட்கப் போய்ப் பத்து வருடமாகச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வாய்க்காலுக்குள் நின்று, கரைமேல் இருக்கும் காளியண்ணனை அண்ணாந்து பார்த்தவள்.

இருவரும் முதல் நாள் அவரவர் படியில் போய் நின்றபோதுதான் அது தெரிந்தது. முப்பத்திரண்டு முப்பத்தொன்றைவிட அரைச் சாண் தாழ்ந்திருந்தது. மேலே போகிற படிக்கட்டில் அந்த ஓர் இடத்தில் கால் கீழே இறங்கியது. எண்ணில் காளியண்ணன் பெரியவர், தலைமடைக்காரர், மதகுக்குப் பக்கத்திலிருப்பவர். ஆனால் மாராக்காள் சும்மா நின்றாலே அவருடைய உச்சந்தலை தெரிந்தது.

தாழ்ந்த படியிலிருந்து உயர்ந்த படிக்குத் தண்ணீர் ஏறாது. மேலேயிருந்து வந்ததெல்லாம் முப்பத்திரண்டில் தேங்கிச் சாத்தங்குறிச்சிக் காடுகளுக்குள் வழிந்தது, முப்பத்தொன்றிலிருந்து கீழே முதல் நாள் நின்ற தண்ணீரே பச்சை பிடித்து நின்றது. மீன்கள் முப்பத்திரண்டின் விளிம்பில் முட்டித் திரும்பின. ஈச்சங்காட்டின் நாற்றங்காலில் நடவுக்குக் காத்திருந்த நாற்று முற்றி, நுனி பழுக்க ஆரம்பித்தது. இன்னும் ஒரு வாரத்தில் வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் ஊருக்கு அந்த வருடம் நெல் இல்லை.

இருபத்திரண்டாம் நாள் காளியண்ணன் பட்டறைக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"இஞ்சினியரு நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"என்ற படியை ஏத்திக் குடுங்க. ஆகாதுன்னா அவ படியை எறக்குங்க. எனக்கு ரெண்டும் சம்மதம்."

"தண்ணி கீழ போகலையாங்க?"

"தண்ணியப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசுனனா? அரைச் சாணைப் பத்திப் பேசறேன். எங்கப்பன் கட்டுன கரைல நான் நிக்கறேன், ஒரு பொம்பள என்ற தலைக்கு மேல நின்னு வெத்தலை மெல்லறா."

அரைச் சாண் என்ற சொல் காதில் விழுந்ததுமே சென்னியப்பனுக்கு இழுப்பறை, தங்க வளையம், வலைக்குப் பின்னால் இருந்த முகம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. தன்னுடைய பிசகு இப்படி ஊர்க்கணக்கில் பெரிதாகி நின்றதில் ஒரு மூலையில் பெருமையும் இருந்ததா என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். இருந்தது. அது அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு தடவை வாய் திறந்து கேட்டிருந்தால் ஈச்சங்காட்டில் இந்நேரம் நடவு முடிந்திருக்கும். அவர் வாயை மூடிக்கொண்டு மானத்தைக் காப்பாற்றினார், அந்த மானத்தின் விலையை, அவர் பார்த்தே இராத ஊர்க்காரர்களின் நாற்று கொடுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை சீட்டு எழுதி எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தார். வலையில் இடுப்புயரத்தில் ஒரு சதுர ஓட்டை, அதன் வழியாகத்தான் கொடுக்கல் வாங்கல். சீட்டை உள்ளே தள்ளினார். தெய்வசிகாமணி அதைப் பார்க்கவில்லை.

"வாயில சொல்லு."

"சீட்டுல இருக்குது."

"சீட்டு பேசுமா?"

பின்னால் லேத் ஓடிக்கொண்டிருந்தது, அது நின்றுவிட்டது. பட்டறை முழுக்கக் காது கொடுத்துக்கொண்டிருந்தது.

"இருவது கே ரெசிஸ்டர். ஒரு பர்சன்ட். ஒண்ணு."

"பதினோரு வருசம் கழிச்சு வந்து ஒண்ணே ஒண்ணு கேக்கறே." தெய்வசிகாமணி பெட்டியைத் திறந்து, விரல் நுனியில் பழுப்பு வளையத்தை எடுத்து, ஓட்டைக்கு எட்டாத தூரத்தில் மேசையின் உள்பக்கம் வைத்தார். "அந்தப் பெட்டி முடிச்ச அன்னிக்கே நீ வந்து கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேன்னு நெனைக்கறயா?"

"தெரியல."

"நானும் அதைத்தான் யோசிச்சுப் பார்த்தேன். குடுத்திருக்க மாட்டேன்."

"இப்ப எதுக்குக் குடுக்கறே?"

"இப்ப நீ குனியறதைப் பாக்கலாமில்ல. குனிஞ்சு எடுத்துக்க. கழட்டற பழசைக் கொண்டாந்து குடுத்தாத்தான் சீட்டு முடியும், ஞாபகம் வெச்சுக்க."

சென்னியப்பன் குனிந்து, தோள்வரை கையை உள்ளே விட்டு எடுத்துக்கொண்டார்.

அன்று மத்தியானமே அவர் மதகுக்குப் போனபோது, கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவில் முதுகைச் சாய்த்து மாராக்காள் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஈச்சங்காட்டு ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர், பாதிப் பேர் அவளுக்குத் துணையாக, பாதிப் பேர் அவளை எழுப்ப வந்து எழுப்ப முடியாமல். லஸ்கர் ரங்கன் தூரத்தில் நின்று பீடி பிடித்தார், இரண்டு பக்கமும் தன்னைச் சாட்சிக்குக் கூப்பிடாத தூரம்.

"என்னத்தை மாத்தப் போறீங்க?" என்றாள் மாராக்காள்.

"ஒரு சின்ன சாமானுங்க. அரிசி மணியத்தன இருக்கும், இப்ப இருக்கறது மட்டம். அதை மாத்துனா தண்ணி கீழ வந்துரும்."

"அந்தாளு படி?"

"மேல போகும்."

"என்ற படி?"

"அது இருக்கற எடத்துலயேதான் இருக்கும். நீங்க எறங்கப் போறதில்லீங்க அக்கா. அவரு ஏறுவாரு, அவ்வளவுதான்."

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

மின்னழுத்தம் என்று ஒன்று தனியாக எங்கும் கிடையாது, இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்துக்குத்தான் அந்தப் பெயர்; மீட்டரின் ஒரு முனையை மட்டும் வைத்து இதுவரை எவனும் எதையும் அளந்ததில்லை. இருபத்தெட்டு வருடமாகச் சென்னியப்பனுக்குத் தெரிந்ததை அவள் இருபத்து மூன்று நாளில் தெரிந்துவைத்திருந்தாள்.

"நாத்து பழுக்குதுங்க," என்றார், அது ஒன்றுதான் சொல்வதற்கு மிச்சமிருந்தது.

"பழுக்கட்டும். நாத்து வருசாவருசம் பழுக்குது. அந்தாளு உச்சந்தலைய நான் இந்த வருசந்தான் பாக்கறேன். நடுவால சொட்டை. பக்கத்து மயிரை இழுத்து மூடி வெச்சிருக்கான். ஊருல ஒருத்தருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்."

பின்னால் நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். வெள்ளிங்கிரி என்கிறவன், ஒரு ஏக்கர் நாற்று வைத்திருப்பவன், சிரிக்கவில்லை.

"அக்கா, எம்பட நாத்துக்கு இன்னும் மூணு நாள்தான். நீ சொட்டையப் பாத்துட்டே இரு, நான் எம்பட புள்ளைகளுக்கு எதைப் போடறது?"

"உன்ற படி எது?"

"நாலு."

"அப்ப உனக்கு வெளங்காது."

"எந்திரிக்கறயா இல்லையா?" என்று வெள்ளிங்கிரி ஒரு கல்லை எடுத்தான். எடுத்தவன் அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். மாராக்காள் கல்லைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு சென்னியப்பனிடம் திரும்பினாள்.

"அந்த மட்டமான சாமான் எங்க இருக்குது?"

"பெட்டிக்குள்ள."

"அதைக் கழட்டி என்ற கையில குடுங்க. பொறகு என்னத்தை வேணும்னாலும் மாட்டிக்குங்க."

பழையதை ஸ்டோரில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்பது நினைவில் இருந்தது. அந்த மட்டமான சாமானை அவள் கையில் கொடுப்பதும் சரியில்லை என்று தோன்றியது, ஏன் சரியில்லை என்று அப்போது பிடிபடவில்லை. வெள்ளிங்கிரியின் கையில் கல் இருந்தது. சென்னியப்பன் பெட்டியைத் திறந்து, ஈயத்தை உருக்கி, தங்க வளையத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார், இன்னும் சூடாக இருந்தது, அவள் கையை உதறவில்லை. பழுப்பு வளையத்தை வைத்ததும் முப்பத்திரண்டாம் படியும் அதற்கு மேலே உள்ள எல்லாப் படிகளும் ஒன்றாக எழுந்தன, தண்ணீர் முப்பத்தொன்றில் விழுந்து, முப்பதில் விழுந்து, பச்சை பிடித்ததையெல்லாம் தள்ளிக்கொண்டு ஈச்சங்காட்டுக்குள் இறங்கியது. வெள்ளிங்கிரி கல்லைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். காளியண்ணன் மறுநாளே நாற்காலி கொண்டுவந்து முப்பத்திரண்டில் போட்டுக் கீழே பார்த்து உட்கார்ந்தார். முப்பத்தொன்றில் மாராக்காள் அதற்குப் பிறகு கால் வைக்கவே இல்லை. ஒன்பது நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் காளியண்ணன் நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார்.

மாராக்காள் தங்க வளையத்தைத் தன் வயலின் வாய்மடையில், தண்ணீர் நுழைகிற இடத்தில், ஒரு விரற்கடை ஆழத்தில் புதைத்தாள். அன்றைக்கே அவளுடைய அரை ஏக்கர் சுற்றியுள்ள வயல்களைவிட அரைச் சாண் உயர்ந்து நின்றது. தண்ணீர் அதன் விளிம்புவரை வந்து, முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போனது. சுற்றிலும் நடவு நட்டு, பயிர் பிடித்துப் பச்சையான பிறகும் அவளுடையது மட்டும் வெடித்துக் கிடந்தது. அவள் கூலிக்கு நாற்று நட்டுச் சாப்பிட்டாள், பொழுது சாயும் முன் வந்து தன் வயலில் ஏறி நின்றாள்.

அதன் அருமை கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. நாத்தனாரிடம் பேச்சுக் கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தி நாத்தனாரை ஏதோ சாக்குச் சொல்லி அழைத்துவந்து வயலோரத்தில் நிறுத்திவிட்டு, தான் ஏறி நின்று பார்த்துவிட்டு, முகம் தெளிந்து போனாள். பங்காளிகள் வந்தார்கள். வாத்தியார் ஒருவர் தலைமையாசிரியரைக் கூட்டிவந்தார். அரைச் சாண்தான், ஆனால் யாரைப் பார்க்க வேண்டுமோ அவர் முன்னால் நின்றால் போதும். கீழே நிற்க வந்தவர்களும் சும்மா போகவில்லை, தங்களுக்கு வேண்டிய ஆளை அடுத்த வாரம் கூட்டிவந்தார்கள். சாத்தங்குறிச்சிக்காரர்களே வர ஆரம்பித்தபோது வரிசை வாய்க்கால் கரைவரை நீண்டது. ஒரு பானைத் தண்ணீர் ஊற்றினால்கூட அந்த வயல் குடிக்காது என்பதால் யாரும் அவளுக்கு எதுவும் கொண்டுவரவில்லை, அவளும் கேட்கவில்லை. ஏறுகிறவர்களிடம் ஒன்று மட்டும் கேட்பாள், "யாரைப் பாக்கோணும்?"

சீட்டு முடியாமல் மார்கழி வரை கிடந்தது. வருடக் கடைசியில் ஸ்டோரைச் சரிபார்க்கிறபோது தெய்வசிகாமணி அதை எடுத்து வலையில் குத்தி வைத்தார், பட்டறையே பார்க்கும்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் ஒரே பஸ்ஸில், ஒருவர் முன் சீட்டிலும் ஒருவர் கடைசி சீட்டிலுமாக, ஈச்சங்காட்டில் வந்து இறங்கினார்கள். வரிசையில் இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று.

"ஒரு சாமான் இவரு உங்ககிட்டக் குடுத்துட்டாரு. அது ஸ்டோரோடது," என்றார் தெய்வசிகாமணி, முறை வந்ததும்.

"எடுத்துக்குங்க," என்றாள் மாராக்காள். "வாய்மடையில இருக்குது, ஒரு விரக்கட தோண்டுனாப் போதும். வந்தது வந்தீங்க, ஏறிப் பாத்துட்டு எடுங்க. யாரைப் பாக்கோணும்?"

தெய்வசிகாமணி ஏறி நின்றார், திரும்பினார், பார்த்தார். கீழே சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தார். சந்தனம் வைக்காத மேசையைப் பார்க்கிற பார்வையோ, குனிந்து கை நீட்டியவனைப் பார்க்கிற பார்வையோ, சென்னியப்பனால் சொல்ல முடியவில்லை; தன் தலையில் எந்த இடத்தில் முடி கொட்டியிருக்கிறது என்பதுதான் அவர் மனதில் ஓடியது. அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று நினைத்தார், அண்ணாந்து பார்த்தார். பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். தெய்வசிகாமணி தேவையான மட்டும் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து, நாலாகக் கிழித்து, வெடித்த மண்ணில் ஒரு வெடிப்புக்குள் போட்டார்.

"அது அங்கயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

இப்போது சென்னியப்பனின் முறை. வருகிற வழியெல்லாம், கடைசி சீட்டில், தான் ஏறமாட்டேன் என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த உயரம் தன் பிசகு, தன் கையால் வைத்தது, இதில் ஏறி நிற்கிற கடைசி ஆளாகக்கூடத் தான் இருக்கக் கூடாது என்று. கால் ஏறிவிட்டது. மண் செருப்புக்கடியில் நொறுங்கியது. சுற்றிலும் ஊர் முழுக்கக் கதிர் தலைசாய்ந்து நின்றது, நடுவில் இந்த ஒரு துண்டு மட்டும் வறண்டு உயர்ந்திருந்தது.

"யாரைப் பாக்கோணும்?" என்றாள் மாராக்காள்.

அவர் திரும்பினார். தெய்வசிகாமணி நிற்கவில்லை. வரப்பில் ஏறி, வாய்க்காலைத் தாண்டி, பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார், வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. அவர் ஒரு தடவை திரும்பினால் போதும், ஒரு கணம் போதும் என்று சென்னியப்பன் அந்த வெள்ளைச் சட்டை முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றார். சட்டை கதிர்களுக்கு மேல் சின்னதாகி, புளியமரத்தின் பின்னால் போய், அந்தப் பக்கம் வந்து, மறுபடி சின்னதானது.

"பாத்தாச்சுங்களா?" என்றாள் மாராக்காள். "எறங்குங்க, பின்னால ஆளு நிக்குது."